சாஸ்திரியின் கையெழுத்தும் சேரங்கோட்டுத் தேயிலையும்

மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன், சேரங்கோடு



நமது ஆண்டு மலரில் வருஷா வருஷம் ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாறு இடம்பெறுவது வழக்கம். இந்த வருஷம் அந்தப் பக்கங்களை என்னிடம் ஒப்படைத்தார்கள். நான் எடுத்துக்கொண்டவர் லால் பகதூர் சாஸ்திரி. காமராஜர் இருக்க, கலாம் இருக்க, சாஸ்திரி எதற்கு என்று ஹாஸ்டல் நண்பர்கள் கேட்டார்கள். அதற்குக் காரணம் எங்கள் வீட்டுச் சுவர்.

பந்தலூர் தாலுகா சேரங்கோட்டில், டேன்டீ தோட்டத்து லயத்தில் இருக்கிறது எங்கள் வீடு. முன்சுவரில் மூன்று படங்கள். ஒன்று முருகன். ஒன்று இறந்துபோன தாத்தா. மூன்றாவது, காலண்டரில் இருந்து வெட்டி ஒட்டிய சாஸ்திரி. என் அப்பாயிக்குக் கோபம் வந்தால் முதலில் திட்டு வாங்குவது அந்த மூன்றாவது படம்தான். வீடு ஒழுகினாலும் சாஸ்திரி, ரேஷன் கார்டில் பெயர் தப்பாக வந்தாலும் சாஸ்திரி! ஆனால் வெள்ளிக்கிழமை சாமி கும்பிடும்போது முருகனுக்கு வைக்கிற பூவில் ஒன்றைக் கிள்ளி அந்தப் படத்துக்கும் வைப்பாங்க. திட்டுகிற ஆளுக்கு எதற்குப் பூ? சின்ன வயதில் இருந்து என்னைக் குடைந்த கேள்வி இது. அதற்கு விடை தேடித்தான் சாஸ்திரியைப் படித்தேன். படிக்கப் படிக்க அது ஒரு மனிதரின் கதையாக மட்டும் இல்லை. பக்கத்துப் பக்கத்து நாடுகள் ஏன் ஒன்று ஏழையாகவும் ஒன்று சற்று வசதியாகவும் இருக்கின்றன, அந்த இடைவெளி எப்படிக் குறையும் என்கிற பெரிய கணக்காகவும் ஆகிவிட்டது.

தகப்பன் இல்லாத பிள்ளை

1904-ம் வருஷம் அக்டோபர் 2-ம் தேதி, காசிக்குப் பக்கத்தில் முகல்சராய் என்னும் ரயில்வே ஊரில் பிறந்தார் லால் பகதூர். அப்பா சாரதா பிரசாத் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து, பிறகு அலகாபாத்தில் குமாஸ்தா வேலைக்குப் போனவர். குழந்தைக்கு இரண்டு வயது நிறையும் முன்பே பிளேக் நோயில் அப்பா போய்விட்டார். அம்மா ராம்துலாரி தேவி பிள்ளைகளோடு தாய்வீடு வந்து சேர்ந்தார். தாத்தா வீட்டிலும் உறவினர் வீட்டிலுமாக வளர்ந்தவர் லால் பகதூர். படகுக்குக் கொடுக்கக் காசில்லாமல் கங்கையை நீந்திக் கடந்து படிக்கப் போனார் என்று ஒரு கதை சொல்லுவார்கள். அது எவ்வளவு நிஜமோ, ஆற்றுக்கு இந்தக் கரையில் வறுமை இருந்தது மட்டும் நிஜம்.

காசியில் ஹரிச்சந்திரா பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர், 1921-ல் காந்தியடிகள் ஒத்துழையாமைக்கு அழைத்தபோது பரீட்சைக்கு முன்பே படிப்பை விட்டு வெளியே வந்தார். அப்போது வயது 16. பிறகு தேசிய இயக்கத்தார் நடத்திய காசி வித்யாபீடத்தில் சேர்ந்து 1925-ல் சாஸ்திரி பட்டம் வாங்கினார். நம்ம டிப்ளமா மாதிரி அது ஒரு படிப்புப் பட்டம்தான்; சாதிப் பெயர் அல்ல. பிறப்பால் வந்த ஸ்ரீவாஸ்தவா என்ற பெயரை அவர் தாமே விட்டுவிட்டார். உழைத்து வாங்கிய பட்டம் ஆயுள் முழுக்க அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

லாலா லஜபதி ராய் தொடங்கிய மக்கள் சேவகர் சங்கத்தில் சேர்ந்து ஊர் ஊராக வேலை செய்தார். 1928-ல் லலிதா தேவியைக் கல்யாணம் செய்தபோது வரதட்சணையாக ஏற்றுக்கொண்டது ஒரு ராட்டையும் கொஞ்சம் கதர்த் துணியும்தான். சுதந்திரப் போராட்டத்தில் பல தடவை சிறை. உயரம் குறைவு, குரலும் தாழ்ந்த குரல். கூட்டத்தில் நின்றால் கண்ணில் படமாட்டார். ஆனால் வேலை என்று வந்தால் அவரைத்தான் தேடினார்கள்.

அரியலூரில் ஒரு இரவு

சுதந்திரத்துக்குப் பிறகு உத்தரப் பிரதேசத்தில் போலீஸ், போக்குவரத்து அமைச்சராக இருந்தார். 1952-ல் மத்திய ரயில்வே அமைச்சரானார். மூன்றாம் வகுப்புப் பயணிகளின் வசதியில் அக்கறை காட்டினார்.

1956 நவம்பர் 23. நம் அரியலூருக்குப் பக்கத்தில் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் பலவீனமாகி, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் கவிழ்ந்தது. 140-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சில மாதம் முன்புதான் மெகபூப்நகரில் இன்னொரு பெரிய விபத்து நடந்திருந்தது. சாஸ்திரி தண்டவாளம் போட்டவர் அல்ல, பாலம் கட்டியவரும் அல்ல. ஆனாலும் தார்மிகப் பொறுப்பு என்னுடையது என்று பதவியை ராஜினாமா செய்தார். மெகபூப்நகர் விபத்தின்போது அவர் கொடுத்த ராஜினாமாவை ஏற்காத நேரு, இந்த முறை ஏற்றுக்கொண்டார்.

நாளைக்கு நாமும் சூப்பர்வைசராக, ஜூனியர் இன்ஜினியராகக் கையெழுத்துப் போடப்போகிறவர்கள். அதனால் இந்தச் சம்பவத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் கடைசியில் இதற்கு வேலை இருக்கிறது.

பிறகு மீண்டும் அமைச்சரவைக்கு வந்தார். வர்த்தகம், தொழில் துறையையும் சில ஆண்டுகள் பார்த்தார். 1961-ல் உள்துறை. 1963-ல் காமராஜர் திட்டத்தின்படி பதவி விலகிக் கட்சிப் பணிக்குப் போனவர்களில் அவரும் ஒருவர். 1964 மே மாதம் நேரு மறைந்தார். காமராஜர் எல்லோரிடமும் கலந்து பேசி ஒருமனதாக்க, ஜூன் 9-ம் தேதி சாஸ்திரி பிரதமரானார்.

ஒரே அக்டோபர் மாதம், இரண்டு வேலைகள்

பிரதமரான அந்த வருஷம் அக்டோபர் மாதக் கடைசியில் சாஸ்திரி செய்த இரண்டு காரியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதல் காரியம் குஜராத்தில். அமுல் கூட்டுறவின் கால்நடைத் தீவனத் தொழிற்சாலையைத் திறக்க ஆனந்த் பகுதிக்குப் போனார். ஒரு கிராமத்தில், விவசாயி வீட்டில், இரவு தங்கினார். ஒரு எருமை, இரண்டு எருமை வைத்திருப்பவர்கள் எப்படிப் பால் ஊற்றுகிறார்கள், காசு எப்படிக் கைக்கு வருகிறது என்று அவர்களிடமே உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். அந்த முறை நாடு முழுவதற்கும் வேண்டும் என்று முடிவு செய்தார். அதன் விளைவாக 1965-ல் தேசிய பால்வள வாரியம், குரியன் தலைமையில், டெல்லியில் அல்லாமல் ஆனந்திலேயே அமைந்தது. கீழே இருப்பவரிடம் கேட்டு, அவர் கையில் தொழில்நுட்பத்தையும் விலையையும் கொடுத்தால் அவர் மேலே வருவார் என்பதுதான் அதில் உள்ள சூத்திரம்.

இரண்டாவது காரியம் டெல்லியில். 1964 அக்டோபர் 30-ம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் சாஸ்திரியும் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். இலங்கையில் நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளியினர் சுமார் 9,75,000 பேர். அவர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும். மீதி 1,50,000 பேர் விஷயம் பிறகு. அதுவும் 1974-ல் ஆளுக்குப் பாதி 75,000 என்று பிரிக்கப்பட்டது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏழுக்கு நான்கு. ஏழு பேர் போனால் நாலு பேருக்கு இடம். இந்த ஏழு யார், அந்த நாலு யார் என்று லயத்தில் இருந்தவர்களிடம் முன்கூட்டி யாரும் கேட்கவில்லை. மலையகத் தொழிலாளர் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் சம்பந்தப்பட்ட மக்களைக் கலக்காமல் செய்த ஒப்பந்தம் என்று எதிர்த்தார். ஆனந்தில் கேட்ட அதே சாஸ்திரி, இங்கே கேட்காமல் கையெழுத்துப் போட்டார்!

அவர் பக்க நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால் ஏற்பட்ட சிக்கல் 16 வருஷமாகத் தீராமல் கிடந்தது. 1962 சீனப் போருக்குப் பிறகு அக்கம்பக்கத்து நாடுகளோடு சமாதானம் வேண்டியிருந்தது. நாடே இல்லாமல் கிடப்பதைவிட ஏதோ ஒரு நாடு கிடைப்பது மேல் என்ற எண்ணமும் இருந்திருக்கும். நல்ல எண்ணம்தான். ஆனால் மனிதரை எண்ணிக்கையாக்கிப் பங்கு போட்டதுதான் அதில் நடந்தது.

எந்தக் கரை மேடு, எந்தக் கரை பள்ளம்?

எங்கள் முன்னோர் திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம் சீமைகளில் இருந்து பஞ்சத்தில் கங்காணி பின்னால் நடந்து கண்டிச் சீமைக்குப் போனவர்கள். ஏன் போனார்கள்? இந்தக் கரையில் கஞ்சி இல்லை; அந்தக் கரையில் கூலி இருந்தது. தண்ணீர் மேட்டில் இருந்து பள்ளத்துக்குப் போகும், கூலி ஆள் பள்ளத்தில் இருந்து மேட்டுக்குப் போவான். அவ்வளவுதான் விஷயம்.

1960 வாக்கில் உலக வங்கிக் கணக்கில் இந்தியாவில் தலைக்கு வருமானம் வருஷத்துக்குச் சுமார் 80 டாலர். இலங்கையில் சுமார் 140. அதாவது ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மடங்கு. இலங்கையில் சராசரி ஆயுள் 60 வயதை எட்டியிருந்தது. நம் நாட்டில் அது 45-ஐ ஒட்டித்தான். ஆனால் அந்தச் சராசரிக்குள் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் பிறந்த என் அப்பாயி இல்லை. சராசரி என்பது ஒரு பொல்லாத அளவுகோல். ஒரு கால் நெருப்பிலும் ஒரு கால் ஐஸிலும் இருந்தால் சராசரி வெப்பம் சுகமாகத்தான் இருக்கும்!

அப்பாயி வந்தது 1970-களில். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம், அங்கிருந்து நீலகிரி. கையில் இந்தியப் பாஸ்போர்ட், கண்ணால் பார்த்தே இராத இந்தியா. 1968-ல் வனத்துறையின் கீழ் அரசுத் தேயிலைத் திட்டமாகத் தொடங்கி, 1976 முதல் கழகமாக நடந்த டேன்டீதான் எங்களைப் போன்ற தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுத்தது. சேரங்கோடு, சேரம்பாடி, கொளப்பள்ளி, நெல்லியாளம், பாண்டியார்... இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் காட்டைத் திருத்திக் கன்று நட்டவர்கள் அவர்கள். அங்கே றாத்தல் கணக்கில் கொழுந்து நிறுத்த கை, இங்கே கிலோ கணக்கில் நிறுத்தது. அதே செடி, அதே அட்டை, அதே மழை. ஊர்க்காரர்கள் வைத்த பெயர் மட்டும் புதிது: சிலோன்காரங்க.

கடைசிக் கையெழுத்து

சாஸ்திரிக்கு நாடு ஒரு நாள் கூட மூச்சுவிட நேரம் கொடுக்கவில்லை. உணவுப் பஞ்சம். 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் தொடங்கியது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் நம் தஞ்சாவூரில்தான் அமைந்தது. அதே மாதம் இந்தி ஆட்சிமொழிப் பிரச்சினையில் தமிழ்நாடு கொந்தளித்தது. மாணவர்கள் முன்னணியில் நின்றார்கள். சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அளகேசனும் ராஜினாமா கொடுக்க, ஆங்கிலம் தொடரும் என்று வானொலியில் உறுதி கூறினார் சாஸ்திரி. அந்த வருஷமே பாகிஸ்தானோடு போர். படைவீரரையும் உழவரையும் ஒரே மூச்சில் வாழ்த்தும் முழக்கத்தை நாட்டுக்குத் தந்தார். வாரத்தில் ஒரு வேளை சாப்பாட்டை விட்டுக்கொடுக்கச் சொன்னவர், தம் வீட்டில் அதை முதலில் நடத்திக் காட்டினார்.

போர் ஓய்ந்ததும் சோவியத் நாட்டின் தாஷ்கண்ட் நகரில் பாகிஸ்தான் அதிபர் அயூப் கானோடு பேச்சு. 1966 ஜனவரி 10-ம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது. படைகள் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதோடு, இரு நாட்டுக்கும் இடையே வர்த்தகத்தையும் போக்குவரத்தையும் மீண்டும் தொடங்க வழி பார்க்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. அன்று இரவே, 11-ம் தேதி பிறந்த சற்று நேரத்தில், மாரடைப்பால் சாஸ்திரி உயிர் பிரிந்தது. வயது 61. சொத்து என்று பார்த்தால், வங்கிக் கடனில் வாங்கிய ஒரு பியட் கார். அதன் கடன் பாக்கியை லலிதா அம்மையார் தமது பென்ஷனில் அடைத்தார்.

பத்தொன்பது மாத ஆட்சியில் இரண்டு அண்டை நாட்டோடு இரண்டு கையெழுத்து. ஒன்று ஆட்களைப் பிரித்தது. ஒன்று வர்த்தகத்தைத் திறக்கப் பார்த்தது. இன்றைக்கும் தெற்காசியாவின் கதை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

இரண்டு தொட்டிக் கணக்கு

1985 டிசம்பர் 8-ம் தேதி டாக்காவில் ஏழு நாடுகள் சேர்ந்து சார்க் அமைப்பைத் தொடங்கின. 2007-ல் ஆப்கானிஸ்தான் எட்டாவதாகச் சேர்ந்தது. 1995-ல் முன்னுரிமை வர்த்தக ஒப்பந்தம், 2006-ல் சாஃப்டா என்னும் தடையற்ற வர்த்தகப் பகுதி என்று படிப்படியாக வந்தன. இந்தியாவும் இலங்கையும் தனியாக 1998 டிசம்பரில் ஒரு தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் செய்தன. 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது.

இதெல்லாம் எதற்கு? நம்ம ஹைட்ராலிக்ஸ் லேபை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தொட்டி, மட்டம் வேறு வேறு. நடுவில் குழாய் போட்டு வால்வைத் திறந்தால் மட்டம் சமமாகும். நாடுகள்தான் தொட்டி, வருமானம்தான் மட்டம், வர்த்தகம்தான் குழாய், சுங்கவரிதான் வால்வு. ஒரே வர்த்தகக் கூட்டில் இருக்கும் நாடுகளில் பின்தங்கியது வேகமாக வளர்ந்து முந்தியதை எட்டிப் பிடிப்பதைத்தான் பொருளாதார நெருக்கம் என்கிறார்கள்.

ஐரோப்பாவில் இது ஓரளவு நடந்தது. 1973-ல் அயர்லாந்து ஐரோப்பியக் கூட்டில் சேர்ந்தபோது அதன் வருமானம் கூட்டின் சராசரியில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குத்தான். கால் நூற்றாண்டில் சராசரியை எட்டித் தாண்டியது. பன்னாட்டுக் கம்பெனிகளின் கணக்குப் புத்தகத்தால் ஊதிய பகுதியும் அதில் உண்டு என்றாலும், வளர்ச்சி நிஜமானதே. காரணம் சந்தை மட்டும் இல்லை. பின்தங்கிய பகுதிகளுக்கென்று 1975 முதல் தனி நிதி, ஊர் ஊராகத் தொழிற்கல்வி, ஆட்கள் வேலை தேடிப் போய்வர உரிமை. அதே கூட்டில் 1981-ல் சேர்ந்த கிரீஸ், ஓரளவு மேலே வந்து, 2010-ஐ ஒட்டிய கடன் நெருக்கடியில் மறுபடி பின்னுக்குச் சறுக்கியது. ஆக, குழாய் இருந்தால் மட்டும் போதாது. பம்பும் வேண்டும், தொட்டியில் ஓட்டையும் இருக்கக்கூடாது.

நம்ம தெற்காசியாவில்? சார்க் நாடுகள் தங்களுக்குள் செய்யும் வர்த்தகம் அவற்றின் மொத்த வர்த்தகத்தில் 5 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. தென்கிழக்கு ஆசிய ஆசியானில் இது 20 சதவீதத்துக்கு மேல். ஐரோப்பாவில் 60-ஐ ஒட்டி. 2014 காத்மாண்டு மாநாட்டுக்குப் பிறகு சார்க் தலைவர்கள் உச்சி மாநாட்டில் கூடவில்லை. தாஷ்கண்டில் திறக்கப் பார்த்த இந்திய–பாகிஸ்தான் வர்த்தகம் 2019-ல் கிட்டத்தட்ட அடியோடு நின்றது. திம்புவில் 2010 முதல் சார்க் வளர்ச்சி நிதியம் இருக்கிறது. ஐரோப்பிய நிதியோடு ஒப்பிட்டால் அது கடுகு.

தேயிலை சொல்லும் பாடம்

இந்திய–இலங்கை ஒப்பந்தத்தில் நம் மலைக்கு நேராகத் தொட்ட விஷயம் தேயிலை. வருஷத்துக்கு 1.5 கோடி கிலோ வரை இலங்கைத் தேயிலை குறைந்த வரியில் இந்தியாவுக்குள் வரலாம் என்று விதி. அந்தச் சமயத்தில்தான் நீலகிரியில் பச்சைத் தேயிலை விலை சரிந்து சிறு விவசாயிகள் தெருவுக்கு வந்து போராடினார்கள். இலங்கைத் தேயிலை வந்து குவிந்து நம்மை அமுக்கிவிடும் என்று பயம். ஆனால் அந்த விதி அனுமதித்த அளவில் ஒரு சிறு பங்குதான் வந்தது. விலை சரிந்ததற்குப் பெரிய காரணம் வேறு. நம் தேயிலையை அள்ளி வாங்கிய சோவியத் நாடு 1991-ல் உடைந்துபோனது. உலகச் சந்தையில் தூளும் மிஞ்சிப்போனது.

இன்றைக்கும் கொழும்பு ஏலத்தில் கிடைக்கும் சராசரி விலை குன்னூர் ஏல விலையைவிட அதிகம். ஒரே செடி, ஒரே பரம்பரைக் கை. ஏன் வித்தியாசம்? மெக்கானிக்கல் மாணவர்களுக்குச் சட்டென்று புரியும். அங்கே பெரும்பாலும் இலையைச் சுருட்டும் ஆர்த்தடாக்ஸ் முறை. இங்கே பெரும்பாலும் பல் வைத்த ரோலரில் நசுக்கிக் கிழித்துக் குருணையாக்கும் சி.டி.சி. முறை. அங்கே சிலோன் டீ என்ற பெயருக்கு உலகம் முழுக்க மதிப்பு. இங்கே மூட்டையில் போய் யாரோ ஒருவரின் பாக்கெட்டில் கலக்கும் தூள். வரியைக் குறைத்துவிட்டால் விலை சமமாகிவிடாது. இயந்திரம், தரம், பெயர், விற்கும் வழி இவையும் சேர்ந்து மாற வேண்டும். நீலகிரிச் சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகளுக்காக 1965-ல் ஏற்பட்ட இன்ட்கோசர்வ் இந்த வழியில் ஒரு முயற்சி. சாஸ்திரி ஆனந்தில் பார்த்த சூத்திரமும் இதுவேதான்.

ஒப்பந்தம் வந்த சில வருஷத்தில் இலங்கையில் இருந்து இந்தியாவுக்கு ஏற்றுமதி வேகமாக ஏறியது. பார்த்தால் அதில் பெரும்பகுதி வனஸ்பதியும் செம்பும். வெளிநாட்டுச் சரக்கை வாங்கி, வரி வித்தியாசத்தைப் பிடித்து இந்தப் பக்கம் தள்ளிய வியாபாரம். விதி இறுகியதும் அது சுருங்கிப்போனது. அந்தக் காசில் லயத்தில் ஒரு ஓடுகூட மாறியிருக்காது.

இடைவெளி குறைந்தது... ஆனால் எப்படி?

இனி அந்த ஒன்றேமுக்கால் மடங்குக்கு வருவோம். 2017 வாக்கில் இலங்கையின் தலைக்கு வருமானம் நம்முடையதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போனது. ஒப்பந்தம் வந்து 17 வருஷம் ஆகியும் இடைவெளி குறையவில்லை, கூடியது! 2023-ல் உலக வங்கிக் கணக்கில் இலங்கை சுமார் 3,800 டாலர், இந்தியா சுமார் 2,500. அதாவது ஒன்றரை மடங்கு. அப்பாடா, நெருங்கிவிட்டது என்று கைதட்டலாமா?

கூடாது தோழர்களே! நாம் மேலே ஏறியது ஒரு பாதி. மறுபாதி, அவர்கள் சறுக்கியது. 2022-ல் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் நின்றது. பெட்ரோலுக்கும் மருந்துக்கும் வரிசை. இந்தியா சுமார் 400 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்தது. மலைப்பாதையில் இரண்டு பேர் நடக்கும்போது இடைவெளி இரண்டு விதமாகக் குறையும். கீழே இருப்பவன் ஏறி வந்தாலும் குறையும், மேலே இருப்பவன் வழுக்கி விழுந்தாலும் குறையும். கணக்குப் புத்தகத்தில் இரண்டும் ஒன்றுதான். வாழ்க்கையில் ஒன்றல்ல. நம் தொட்டிக் கணக்கு தோற்பதும் இங்கேதான். தொட்டியில் ஒன்று ஏற இன்னொன்று இறங்கியே ஆக வேண்டும். நாடுகளில் இரண்டும் சேர்ந்தே ஏற முடியும். அதுதான் உண்மையான நெருக்கம்.

இன்னொரு கசப்பான உண்மை. ஒரே நாணயம், ஒரே சட்டம், ஆள் போய்வரத் தடையே இல்லாத நம் நாட்டுக்குள்ளேயே இடைவெளி தானாக மறையவில்லை. 1960-61-ல் தமிழ்நாட்டுக்கும் சாஸ்திரியின் உத்தரப் பிரதேசத்துக்கும் தலைக்கு வருமானத்தில் இருந்த வித்தியாசம் இப்போது இருப்பதைவிட மிகக் குறைவு. இப்போது நம்முடையது மூன்று மடங்குக்கும் மேல். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சத்துணவு, ஊருக்கு ஊர் பாலிடெக்னிக்... இவைதான் பம்பு. நாமே அந்தப் பம்பில் இருந்து வந்த தண்ணீர்தானே!

இப்போது நீலகிரித் தோட்டங்களுக்குப் போய்ப் பாருங்கள். ஜார்க்கண்டில் இருந்தும் அசாமில் இருந்தும் வந்தவர்கள் கொழுந்து பறிக்கிறார்கள். எங்கள் முன்னோர் கண்டிக்குப் போன அதே கதை, திசைதான் வேறு. அவர்கள் பிள்ளைகளை நம்ம ஆட்கள் ஒரு மாதிரியாகக் கூப்பிடுவதைக் கேட்கும்போது, சிலோன்காரன் என்று பள்ளிக்கூடத்தில் என்னைக் கூப்பிட்டது ஞாபகம் வருகிறது.

பூவுக்கு விடை

போன தீபாவளி லீவில் அப்பாயியிடம் நேராகக் கேட்டேன். திட்டுகிற ஆளுக்கு ஏன் பூ என்று. அப்பாயி சொன்னது இவ்வளவுதான். அந்த ஆள் தகப்பன் இல்லாமல் அடுத்த வீட்டில் வளர்ந்தவராம். யாரோ ரயிலில் செத்ததற்குத் தன் வேலையை விட்டவராம். அப்படிப்பட்டவர் உயிரோடு இருந்திருந்தால், தன் கையெழுத்தால் கப்பல் ஏறியவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு தடவையாவது இந்த மலைக்கு வந்து பார்த்திருப்பாராம். வராமலே போய்ச் சேர்ந்துவிட்டார் என்றுதான் திட்டாம். வந்திருப்பார் என்றுதான் பூவாம்.

அவர் வந்திருப்பாரா? எனக்குத் தெரியாது. நிர்வாகம் மாறி, சட்டம் மாறி, 2022-ல் டேன்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க அரசு முடிவு எடுத்தபோதும் லயத்தில் எல்லோருக்கும் வந்தது பழைய பயம்தான். மறுபடி எங்கேயாவது போகச் சொல்லுவார்களோ? எழுதப்படும் ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் கீழே ஒரு லயம் இருக்கிறது.

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் பயணிகள் கப்பல் தொடங்கியபோது, அப்பாயி செய்தியை இரண்டு தடவை பார்த்தாங்க. பிறந்த லயத்தை ஒருமுறை பார்க்க ஆசை. சரக்குக்குத் திறந்த வழி ஆட்களுக்கும் திறக்கட்டும் என்பது என் ஆசை.

தோழர்களே, நம்மில் பலர் அடுத்த வருஷம் ஏதோ ஒரு சைட்டில், ஏதோ ஒரு பாக்டரியில் மஸ்டர் ரோலிலும் அளவுப் புத்தகத்திலும் கையெழுத்துப் போடப்போகிறோம். அந்தக் கையெழுத்துக்குக் கீழே யார் நிற்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் திரும்பிப் பாருங்கள். முடிந்தால் அவர்களிடம் கேளுங்கள். ஆனந்தில் சாஸ்திரி செய்தது அது. டெல்லியில் அவர் செய்யத் தவறியதும் அது. தப்பு நடந்தால் பொறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். அதை அவர் அரியலூரில் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

எங்கள் வீட்டுச் சுவரில் படம் இன்னும் இருக்கிறது. இந்த வெள்ளிக்கிழமையும் திட்டும் உண்டு, பூவும் உண்டு.